மீட்கத்தக்க கணினி: வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ்

வீட்டிலுள்ள கைபேசியையும் மடிக்கணினியையும் இணையத்தோடு சேர்க்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டிக்குள், செயலி, நினைவகம், நிலையான சேமிப்பகம், இயக்குதளம் ஆகிய அனைத்தும் அமைந்த முழுமையான கணினி ஒன்று இயங்குகிறது. அந்த இயக்குதளம் பெரும்பாலும் லினக்ஸ்தான். வன்பொருளை நேரடியாக ஆளும் மையநிரலாகிய கெர்னல், அதன்மேல் கட்டளை நிரல்கள், அவற்றின் போக்கைத் தீர்மானிக்கும் அமைப்புக் கோப்புகள் என, பெரிய வழங்கிக் கணினிகளில் காணப்படும் அதே அடுக்குகள் இங்கும் உள்ளன. வழங்கிகளைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்ட கணினி நிர்வாகிகள், இத்தகைய பெட்டிகளில் உற்பத்தியாளர் வைத்த மென்பொருளை நீக்கி, வேறு மென்பொருளை ஏற்றி, அதை மாற்றியும் திருத்தியும் பார்ப்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்ட பழக்கம். பொழுதுபோக்குப் போலத் தோன்றும் இந்த வேலை உண்மையில் நல்ல பயிற்சியாக அமைவதற்குக் காரணம் உண்டு: பெரிய கணினியில் வளம் மிகுந்திருப்பதால் கண்ணுக்குப் படாமல் போகும் பொறியியல் முடிவுகள், எல்லாவற்றையும் சில மெகாபைட்டுக்குள் அடக்கியாக வேண்டிய சிறு பெட்டியில் வெளிப்படையாகத் தெரிகின்றன. அவற்றுள் முதன்மையானது, மாற்றம் தவறிப் போனால் கணினியை எந்த நிலைக்கு, எந்த வழியில் திருப்பிக் கொண்டுவருவது என்ற முடிவு.

இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தைத் தெளிவாகச் சுட்ட முடியும். லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரின் முதல் பதிப்பில் 125 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராட்காம் செயலியும், 16 மெகாபைட் நினைவகமும், மின்சாரம் போனாலும் தரவை இழக்காத 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் இருந்தன. அதற்குள் இயங்குவது லினக்ஸ் என்பதை 2003 ஜூன் மாதம் ஒரு நிரலாளர் கண்டறிந்து, கெர்னல் உருவாக்குநர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வெளியாவது. அந்த உரிமம் நிரலைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் விற்கும் பொருளில் சேர்க்கவும் இடம் தருகிறது என்றாலும், அவ்வாறு சேர்த்து வழங்குபவர் அதன் மூல நிரலையும், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தையும், கேட்பவருக்குத் தர வேண்டும் என்று விதிக்கிறது. அதே ஆண்டு லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ நிறுவனத்தின் முன் இந்தக் கடப்பாடு வைக்கப்பட்டது. சில வாரங்களில் மூல நிரல் வெளியானது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் தொடங்கியது. உரிமத்தின் ஒரு விதி, பல லட்சம் வீடுகளில் இருந்த ஒரு கருவியை ஆய்வுக்கூடப் பொருளாக மாற்றிய நிகழ்வு இது. மென்பொருள் உரிமங்கள் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியவை என்று கருதும் பொறியாளர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மூல நிரல் கிடைத்துவிட்டாலும் அதைப் பெட்டிக்குள் ஏற்றும் வழி வேறொரு சிக்கல். டபிள்யூஆர்டி54ஜியின் தொடக்கப் பதிப்புகளில் அந்த வழி ஒரு பாதுகாப்புக் குறையின் வடிவில் கிடைத்தது. இணைப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்கும் பிங் என்னும் கட்டளைக்கு ஒரு முகவரியைக் கேட்கும் பெட்டி அதன் நிர்வாகப் பக்கத்தில் இருந்தது; அங்கே தட்டச்சு செய்தவற்றை மென்பொருள் சரிபார்க்காமல் அப்படியே கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் நிரலுக்கு அனுப்பிவிட்டதால், முகவரிக்குப் பதிலாக வேறு கட்டளைகளை எழுதினாலும் அவை நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு நிறைவேறின. ஆர்வலர்கள் இந்த ஓட்டையைப் பயன்படுத்தி முதலில் செய்தது, பெட்டி மின்சாரம் பெற்றவுடன் சில நொடிகள் காத்திருந்து புதிய மென்பொருள் வருகிறதா என்று பார்க்கும்படி ஓர் அமைப்பை இயக்கியதுதான். மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே திரும்பி வருவதற்கான வாயிலைத் திறந்து வைத்துக்கொள்ளும் இந்த வரிசை, அனுபவமுள்ள நிர்வாகியை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

அந்த வாயில் ஏன் தேவை என்பதை அறிய ஃபிளாஷ் நினைவகத்தின் இயற்பியலைப் பார்க்க வேண்டும். இதில் ஒவ்வொரு பிட்டும், மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய மிதவை வாயிலில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டுள்ளனவா இல்லையா என்பதைப் பொறுத்து 0 அல்லது 1 எனக் கொள்ளப்படுகிறது. எலெக்ட்ரான்களை உள்ளே செலுத்தி 1 என்பதை 0 ஆக்குவதைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்யலாம். 0 என்பதை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால், பழைய ரவுட்டர்களில் பெரும்பாலும் 64 கிலோபைட் அளவுள்ள ஒரு முழுத் தொகுதியையும் உயர் மின்னழுத்தம் கொடுத்து ஒரேயடியாக அழிக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்தை மாற்ற விரும்பினாலும், தொகுதி முழுவதையும் நினைவகத்துக்குப் படித்து, ஃபிளாஷில் அதை அழித்து, மாற்றிய உள்ளடக்கத்தைத் திரும்ப எழுதியாக வேண்டும் என்பது இதன் விளைவு. அழித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையே மின்சாரம் நின்றுபோனால், மாற்ற நினைக்காத மற்ற பல்லாயிரம் எழுத்துகளும் சேர்ந்தே போய்விடும். மேலும், ஒவ்வோர் அழிப்பும் காப்புப் படலத்தைச் சிறிது தேய்க்கிறது. இவ்வகைச் சில்லுகளுக்கு ஒரு தொகுதிக்குச் சுமார் 1,00,000 அழிப்புகள் என்று உற்பத்தியாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். ஒரு பதிவுக் கோப்பு நொடிக்கு ஒருமுறை அதே தொகுதியை அழித்து எழுதுவதாகக் கொண்டால் அந்த எல்லை ஒன்றரை நாளுக்குள் கடக்கப்பட்டுவிடும்.

இந்த இரு குறைகளுக்கும் விடையாகக் கோப்பு முறைமைகள், அதாவது சேமிப்பகத்தில் கோப்புகளை அடுக்கும் முறைகள், தனியே உருவாக்கப்பட்டன. ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1999-இல் உருவாக்கிய முறையைப் பின்பற்றி, ரெட் ஹேட் நிறுவனத்தில் டேவிட் வுட்ஹவுஸ் 2001-இல் வடிவமைத்த ஜே.எஃப்.எஃப்.எஸ்.2, பழைய தரவின்மேல் புதியதை எழுதுவதில்லை. கணக்கப்பிள்ளை பேரேட்டில் பழைய வரியைத் திருத்தாமல் அடுத்த வரியில் புதிய பதிவைச் சேர்ப்பதுபோல, ஒவ்வொரு மாற்றத்தையும் வெற்றிடத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டே செல்கிறது. ஒரே கோப்பின் பல பதிவுகளுள் கடைசியானது எதுவோ அதுவே செல்லும். காலாவதியான பதிவுகளால் நிறைந்த தொகுதி பின்னர் வசதியான நேரத்தில் அழிக்கப்படும். எழுதும்போது மின்சாரம் போனால் கடைசிப் பதிவு மட்டும் பாழாகும்; அதற்கு முந்தைய பதிவு அப்படியே இருக்கும். தேய்மானமும் எல்லாத் தொகுதிகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிரப்படுகிறது.

ஆனால் இடப் பற்றாக்குறை தீரவில்லை. கெர்னல், வலைப்பின்னல் நிரல்கள், தீயரண், நிர்வாகப் பக்கம் ஆகிய அனைத்தும் 4 மெகாபைட்டுக்குள் அமைய வேண்டும். இதற்குக் கையாளப்பட்ட உத்திகளில் ஒன்று பிஸிபாக்ஸ். 1995-இல் புரூஸ் பெரன்ஸ் டெபியன் லினக்ஸை ஒரே நெகிழ்வட்டிலிருந்து நிறுவுவதற்காக எழுதத் தொடங்கிய இந்த நிரல், கோப்புகளைப் பட்டியலிடுதல், நகலெடுத்தல், உரையில் தேடுதல் போன்ற நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே இயங்குநிரலுக்குள் அடக்கி, எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்தக் கட்டளையாகச் செயல்படுகிறது. பொதுவான பகுதிகள் ஒருமுறை மட்டுமே இடம்பெறுவதால் கணிசமான இடம் மிஞ்சுகிறது. மற்றோர் உத்தி, பிலிப் லூகர் உருவாக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை: கோப்புகளை இறுக்கிச் சுருக்கி ஒரே கட்டாக வைக்கும் இது, படிக்க மட்டுமே இடம் தரும், எழுதவே விடாது.

எழுத முடியாத அடித்தளத்தையும், எழுதத்தக்க ஆனால் இடம் அதிகம் கேட்கும் ஜே.எஃப்.எஃப்.எஸ்.2-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பார்ப்பவருக்கு ஒரே கோப்பு மரமாகக் காட்டுவதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டியின் மிக நேர்த்தியான முடிவு. இவ்வாறு அடுக்கும் பகுதிக்கு ஓவர்லே என்று பெயர். இதன் இன்றைய வடிவம் 2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.18 முதல் கெர்னலிலேயே இடம்பெற்றுள்ளது. ஒரு கோப்பைப் படிக்கக் கேட்டால் முதலில் மேலடுக்கில் தேடப்படும்; அங்கே இல்லையென்றால் கீழடுக்கிலிருந்து தரப்படும். கீழடுக்குக் கோப்பை மாற்ற முயன்றால், அது மேலடுக்குக்கு நகலெடுக்கப்பட்டு அந்த நகல் மாற்றப்படும். மூலம் கைபடாமல் இருக்கும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்புதல் என்று பலரும் அறிந்த செயலின் பொருள் இங்கே மிக எளிது: மேலடுக்கை வெறுமையாக்கினால் போதும், கீழே மூலநிலை காத்திருக்கிறது. தவறான அமைப்பால் பெட்டியோடு தொடர்பே அற்றுப்போனாலும், தொடங்கும் நேரத்தில் குறிப்பிட்ட பொத்தானை அழுத்தினால் மேலடுக்கை இணைக்காமலேயே கணினி எழும் மீட்பு நிலை ஒன்றும் உண்டு. நிர்வாகி உள்ளே நுழைந்து, பிழையான ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டு வெளியேறலாம்.

இந்த அமைப்பு புதியவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சேமிப்பகம் நிறைந்துவிட்டது என்று, முதலிலேயே சேர்க்கப்பட்டிருந்த ஒரு நிரலை நீக்கினால், காலி இடம் கூடுவதற்குப் பதிலாகச் சிறிது குறையும். கீழடுக்கை எழுத முடியாததால் நிரல் அங்கேயே இருக்க, அது நீக்கப்பட்டதாகக் கருதவேண்டும் என்ற குறி மட்டும் மேலடுக்கில் எழுதப்படுகிறது. அந்தக் குறிக்கும் இடம் வேண்டும். அதுபோலவே, கீழடுக்கில் உள்ள நிரலைப் புதுப்பித்தால் பழையதும் புதியதும் சேர்ந்து இரட்டிப்பு இடத்தை அடைக்கும். இடம் வேண்டுபவர் தேவையற்றவற்றை விட்டுவிட்டு முழு நிலைபொருளையும், அதாவது ஃபிளாஷில் எழுதப்படும் மென்பொருள் கட்டு முழுவதையும், புதிதாகக் கட்டி ஏற்றுவதே சரியான வழி.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி தன் சொந்தச் சேமிப்பகத்தை அழித்து எழுதுவது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். நின்றிருக்கும் தளத்தையே பெயர்த்தெடுக்கும் வேலை அது. முதலில் அமைப்புக் கோப்புகள் ஒரு கட்டாகச் சேர்த்து நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. பின்னர் எழுதும் பணிக்குத் தேவையான சில நிரல்கள் மட்டும் நினைவகத்தில் உருவாக்கப்பட்ட தற்காலிகக் கோப்பு மரத்துக்கு நகலெடுக்கப்பட்டு, கணினி அந்த மரத்தையே தன் வேராக ஏற்றுக்கொள்கிறது. மற்ற எல்லா நிரல்களும் நிறுத்தப்பட்டு, ஃபிளாஷை யாரும் பிடித்துக்கொண்டில்லை என்ற நிலை வந்ததும், புதிய கட்டு எழுதப்பட்டு, சேர்த்து வைத்த அமைப்புகளும் அதனுடன் வைக்கப்படுகின்றன. இதற்கு நினைவகம் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. காலப்போக்கில் கெர்னல் பெருத்துக்கொண்டே வந்ததால், 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பெட்டிகளை ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07 பதிப்புக்குப் பின் கைவிட நேர்ந்தது; அதைவிடக் குறைந்த நினைவகம் கொண்ட, இத்திட்டத்துக்குப் பெயர் தந்த பெட்டிக்கும் இன்று ஆதரவு இல்லை.

சிக்கனத்தின் இன்னொரு விளைவு கடிகாரத்தில் தெரியும். மேசைக் கணினியில் மின்சாரம் இல்லாத நேரத்திலும் காலத்தைக் கணக்கிட, மின்கலத்தோடு கூடிய ஒரு சிறு கடிகாரச் சில்லு இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் அது கிடையாது, எனவே ஒவ்வொரு முறை எழும்போதும் அவற்றுக்கு நாளும் தெரியாது, ஆண்டும் தெரியாது. இணையத்திலுள்ள நேர வழங்கிகளிடம் கேட்டு அறியலாம் என்றால், அவற்றின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை வேண்டும். அந்தச் சேவையின் விடைகளை மின்கையொப்பத்தால் சரிபார்க்கும்படி அமைத்திருந்தால், கையொப்பம் காலாவதியாகவில்லை என்பதை உறுதி செய்யச் சரியான நேரம் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்படும் இந்தச் சுழலை ஓரளவு தளர்த்த, ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்போது தன் அமைப்புக் கோப்புகளுள் கடைசியாக மாற்றப்பட்ட கோப்பின் தேதியைப் பார்த்து, இப்போதைய நேரம் குறைந்தது அதுவாகவாவது இருக்க வேண்டும் என்று கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. அறிவார்ந்த ஊகம், சில நாட்கள் பிந்தியிருக்கலாம், ஆனால் 1970-ஆம் ஆண்டில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

மேலடுக்கும் கீழடுக்கும் இரண்டுமே பாழானால் எஞ்சுவது தொடக்க ஏற்றி. மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடி, வன்பொருளைத் தயார்ப்படுத்தி, கெர்னலை நினைவகத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் இந்தச் சிறு நிரல் ஃபிளாஷின் தனிப் பகுதியில் இருப்பதால், வழக்கமான புதுப்பித்தல்கள் அதைத் தொடுவதில்லை. டபிள்யூஆர்டி54ஜியின் தொடக்க ஏற்றி, முன்னர்க் கூறிய காத்திருப்பு நொடிகளில், 192.168.1.1 என்னும் முகவரியில் டி.எஃப்.டி.பி. என்னும் மிக எளிய கோப்பு மாற்ற நெறிமுறையின் வழியே புதிய கட்டை ஏற்றுக்கொள்ளும். கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக்கி, ஒரு துண்டை அனுப்பி, அது கிடைத்தது என்ற ஒப்புதல் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது என்னும் அளவுக்கு எளிமையானது அந்நெறிமுறை. 4 மெகாபைட் என்றால் 8,192 துண்டுகள், அத்தனை ஒப்புதல்கள். வேகமற்ற முறைதான், ஆனால் சில கிலோபைட் அளவுள்ள நிரலால் இதைக் கையாள முடியும் என்பதே இங்கு வேண்டப்படுவது.

வலைப்பின்னல் வழியும் அடைபட்டால், பெட்டியைத் திறந்து மின்சுற்றுப் பலகையில் உள்ள மூன்று அல்லது நான்கு ஊசிகளைத் தேட வேண்டும். தொடக்க ஏற்றியும் கெர்னலும் தம் செய்திகளை வெளியிட்டுக் கட்டளைகளைப் பெறும் சீரியல் கன்சோல் அது. உற்பத்தியின்போது சோதனைக்காக வைக்கப்படும் அது, பின்னர் நீக்கப்படாமல் விடப்படுவது வழக்கம். எது எந்த ஊசி என்று எழுதப்படாத பலகையில் அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். உலோகக் கவசத்தோடு தொடர்ச்சி காட்டுவது தரை, மாறாமல் 3.3 வோல்ட் காட்டுவது மின்வழங்கல். பெட்டி எழும் நேரத்தில் மட்டும் அளவு தடுமாறுவது செய்தி அனுப்பும் ஊசி, ஏனெனில் அப்போதுதான் எழுத்துகள் பிட்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சியது பெறும் ஊசி. நொடிக்கு 1,15,200 பிட்டுகள் என்பது பரவலாகக் காணப்படும் வேகம். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு அடையாளங்கள் உட்பட 10 பிட்டுகள் ஆவதால் நொடிக்கு 11,520 எழுத்துகள் வரும். வேகத்தைத் தவறாகக் குறித்தால் பொருளற்ற குறிகள் திரையை நிரப்பும். பழைய மேசைக் கணினிகளின் சீரியல் இணைப்பு 12 வோல்ட் வரை ஏறி இறங்குவது, எனவே அதை நேரடியாகச் செருகினால் 3.3 வோல்ட்டுக்கு வடிவமைத்த சில்லு எரிந்துபோகும்; இடையில் ஒரு யு.எஸ்.பி. மாற்றி வேண்டும், அந்த மாற்றியின் மின்வழங்கல் கம்பியை இணைக்காமல் விடவும் வேண்டும்.

இவ்வளவு பாதுகாப்பு வழிகளும் வெறும் பழுதுபார்ப்புக்கு மட்டும் உதவியிருந்தால் இந்தப் பெட்டிகளுக்கு அறிவியல் வரலாற்றில் இடம் இருந்திருக்காது. அஞ்சாமல் மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்க்கலாம் என்ற நிலை, உலகின் இணையப் பயனர் பலரையும் வாட்டிய ஒரு கோளாற்றைக் கண்டறிந்து தீர்க்கத் துணைநின்றது. பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றும்போது அதே இணைப்பில் காணொளி அழைப்பு திக்கித் திணறுவதைப் பலரும் கண்டிருப்பர். இணைப்பின் வேகம் போதவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டுவந்தது. நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் தம் வீட்டு இணைப்பை அளந்து பார்த்து, குறை வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கோளாற்றுக்கு பஃபர்புளோட் என்று பெயரும் வைத்தார்.

இணையத்தில் தரவு, பொதிகள் என்னும் சிறு துண்டுகளாகச் செல்கிறது. வேகமான வீட்டு வலைப்பின்னலிலிருந்து மெதுவான வெளியிணைப்புக்குப் பொதிகள் வந்து குவியும்போது, அவை இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் வரிசையாகக் காத்திருக்கின்றன. 1,500 பைட் அளவுள்ள 256 பொதிகள் வரிசையில் இருந்து, வெளியிணைப்பின் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால், கடைசிப் பொதி வெளியேற மூன்று நொடிகள் ஆகும். அழைப்பில் பேசுபவரின் குரலைச் சுமந்துவரும் சிறு பொதியும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

நினைவகம் மலிந்ததால் உற்பத்தியாளர்கள், எந்தப் பொதியும் இழக்கப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடு இடையகங்களைப் பெருக்கிக்கொண்டே சென்றனர். இதனால் பாதிக்கப்பட்டது இணையத்தின் வேகக் கட்டுப்பாடு. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்ததைக் கண்ட வான் ஜேக்கப்சன், 1988-இல் முன்வைத்த நெரிசல் கட்டுப்பாட்டு முறையில், தரவை அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சென்று, ஒரு பொதி தொலைந்தது என்று அறிந்தவுடன் வேகத்தைக் குறைக்கிறது. தொலைதல்தான் இங்கே எச்சரிக்கை. இடையகம் மிகப் பெரிதானால் பொதி தொலையவே தொலையாது. எச்சரிக்கை கிடைக்காத கணினி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, வரிசை நீண்டுகொண்டே போகும். இழப்பைத் தடுக்கச் செய்த முயற்சியே இணைப்பைக் கெடுத்தது.

தீர்வையும் ஜேக்கப்சனே, கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து 2012-இல் தந்தார். கோடெல் என்னும் அந்த முறை வரிசையில் எத்தனை பொதிகள் உள்ளன என்று எண்ணுவதில்லை. ஒவ்வொரு பொதியும் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. திடீரென வந்து திடீரெனக் கரையும் வரிசை தீமையற்றது. நிலையாகத் தங்கிவிடும் வரிசைதான் கெட்டது. ஆகவே 100 மில்லிநொடி நேரம் முழுவதும் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை என்றால் மட்டும் ஒரு பொதி வேண்டுமென்றே கைவிடப்படும்; காத்திருப்பு குறையாவிட்டால் அடுத்தடுத்த கைவிடல்களுக்கு இடையிலான நேரம், கைவிட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் சுருங்கும். வெளியேறும் பொதிகளை ஓட்டம் வாரியாக, அதாவது எந்தத் தொடர்புக்கு உரியவை என்பதைப் பொறுத்து, 1,024 தனி வரிசைகளில் பிரித்து முறைவைத்து அனுப்பும் ஏற்பாட்டோடு இதைச் சேர்த்து எரிக் டூமசே எழுதிய எஃப்கியூ-கோடெல், 2012 ஜூலையில் வெளியான லினக்ஸ் 3.5 கெர்னலில் இடம்பெற்றது. இதில் குரல் பொதி, மாபெரும் கோப்பின் பின்னால் நிற்பதில்லை. தன் தனி வரிசையிலிருந்து உடனே வெளியேறுகிறது.

இம்முறைகளை உண்மையான வீட்டு இணைப்புகளில் சோதிப்பதற்கென்றே டேவ் டாட் என்பவர் முன்னின்று நடத்திய செரோடபிள்யூஆர்டி, ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேல் கட்டப்பட்ட சோதனைப் பதிப்பு. கடையில் வாங்கிய மலிவான ரவுட்டர்களில் ஆர்வலர்கள் புதிய கட்டுகளை ஏற்றி, அளந்து, கெட்டுப்போனால் மீட்டு, மீண்டும் ஏற்றினர். கணித மாதிரிகளிலிருந்து மட்டும் தெரிய வராத சில உண்மைகள் அங்கே வெளிப்பட்டன. நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் 1,500 பைட் பொதி ஒன்று வெளியேறவே 12 மில்லிநொடி ஆகிறது. 5 மில்லிநொடி இலக்கை அங்கே எட்டவே முடியாது, இலக்கைத் தளர்த்தியாக வேண்டும். நெரிசல் ரவுட்டருக்கு வெளியே, இணைய நிறுவனத்தின் மோடத்தில் ஏற்பட்டால் ரவுட்டரின் அறிவெல்லாம் பயனற்றது. எனவே வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டிலேயே உருவாகும்படி, உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, பெரும்பாலும் 85 முதல் 95 விழுக்காடு அளவில், நிர்வாகி வேகத்தை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறார். வேகத்தைக் குறைத்தால் இணைப்பு விரைவாகத் தோன்றும் என்று ஒரு வாடிக்கையாளரை நம்ப வைப்பது எளிதன்று; அளந்து காட்டினால்தான் நம்புவார். 2018-இல் லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்ந்த கேக் என்னும் முறை, இந்தப் படிப்பினைகள் பலவற்றை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. இவற்றுக்குரிய விலை செயலியின் உழைப்பு: ஒவ்வொரு பொதியையும் செயலியே பார்க்க வேண்டியிருப்பதால், பொதிகளைத் தனி வன்பொருள் வழியே கடத்திவிடும் குறுக்குவழியை அணைக்க நேர்கிறது, 200 மெகாஹெர்ட்ஸ் செயலிகளால் இன்றைய இணைப்பு வேகங்களுக்கு இதைச் செய்ய இயலாது.

பெட்டியைத் திறக்கும் உரிமைக்கு எதிர்வாதமும் உண்டு, அது முற்றிலும் பொருளற்றதும் அன்று. ரவுட்டருக்குள் இருப்பது வானொலி அலைபரப்பியும்கூட; மென்பொருளை மாற்றினால் அனுமதிக்கப்படாத அலைவரிசையிலோ ஆற்றலிலோ அது ஒலிபரப்பக்கூடும், விமான நிலையங்களின் வானிலை ரேடாருக்கு அதனால் இடையூறு நேரக்கூடும். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளை நிறைவேற்ற, உற்பத்தியாளர்கள் முழுப் பெட்டியையும் பூட்டிவிடுவார்கள் என்ற அச்சம் 2015-இல் எழுந்தது. மறு ஆண்டு அதே ஆணையம் டி.பி.-லிங்க் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், அபராதத்தோடு, பிறர் உருவாக்கும் திறமூல நிலைபொருளை ஏற்க வழிசெய்ய ஆராய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அலைபரப்பியின் எல்லைகளை மட்டும் காத்து, மற்றதைத் திறந்து வைப்பது பொறியியல் அளவில் இயலக்கூடியதே. பூட்டுவதைவிட அது சிறிது கூடுதல் உழைப்பைக் கேட்கும், அவ்வளவுதான்.

வேறொருவர் வடிவமைத்த பெட்டியில் மீட்பு வழியைத் தேடிக் கண்டுபிடித்த காலம் கடந்து, அந்த வழியையே முதலில் வரைந்து பெட்டியைப் பிறகு கட்டும் நிலைக்கு இத்திட்டம் 2024 நவம்பரில் வந்தது. சாப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பும் ஓப்பன்டபிள்யூஆர்டி உருவாக்குநர்களும் சேர்ந்து, பனானா பை நிறுவனத்தின் தயாரிப்பாக வெளியிட்ட ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்னும் ரவுட்டரின் விலை அப்போது 89 டாலர். 1 ஜிகாபைட் நினைவகம் கொண்டது. சீரியல் கன்சோலுக்காகப் பலகையைத் திறந்து ஊசி தேட வேண்டியதில்லை; யு.எஸ்.பி.-சி துளையாகவே அது வெளியே இருக்கிறது. ஃபிளாஷ் சில்லுகள் இரண்டு: அன்றாட இயக்கத்துக்கு 256 மெகாபைட் அளவில் ஒன்று, மீட்புக்கான தொடக்க ஏற்றியைத் தாங்கி 16 மெகாபைட் அளவில் மற்றொன்று. எந்தச் சில்லிலிருந்து எழ வேண்டும் என்பதை வெளிப்புறத்தில் உள்ள ஒரு சிறு நழுவு சுவிட்சு தீர்மானிக்கிறது. பெரிய சில்லில் இருப்பது முழுவதும் பாழானாலும், சுவிட்சை மாற்றி, புதிய கட்டை வைத்த ஒரு பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் சில நிமிடங்களில் பெட்டி மீண்டும் வேலைக்குத் தயாராகிவிடும்.